பாத்தி கட்டத் தெரியாத ராஜா

சண்டையே போடாம பக்கத்து நாட்டை எப்படி வளைச்சாங்கன்னா கேக்குறீங்க? ரசம் ஊத்தி வளைச்சாங்க. சிரிக்காதீங்க, முழுசா கேளுங்க.

ரொம்ப காலத்துக்கு முன்னாடி புளிநாடுன்னு ஒரு சின்ன தேசம். மாணிக்கவளவன்னு ஒரு ராஜா ஆண்டுட்டிருந்தார். காலையில ஒரு ஆசை வரும், சாயங்காலம் வேற ஆசை வரும். அன்னிக்கு வந்த ஆசை, "பனிமலை ராஜா நெடுமுடியன் என் முன்னால தலை குனியணும்."

நெடுமுடியன் யாருக்கும் குனியாத ஆளு. வாசல் தாழ்வா இருந்தா வாசலை இடிப்பாரே தவிர குனிய மாட்டார்.

தளபதி இடிக்கொம்பன் எழுந்தார். "படையை அனுப்புங்க மகாராஜா!"

"போன தடவை அனுப்பின படையே இன்னும் இருமிட்டிருக்கு," என்றார் மந்திரி பூவலிங்கம். "ஒரு சமையக்காரரை அனுப்புங்க, போதும்."

"மந்திரியாரே, கரண்டியால கோட்டை பிடிக்கப் போறீரா?"ன்னு சிரிச்சார் தளபதி.

ராஜாவுக்கும் சிரிப்பு. "சரி, அனுப்பும். பொங்கலுக்குள்ள அவன் குனியலேன்னா உம்ம மீசையைத் தளபதி எடுப்பார். மந்திரி வேலையும் அவருக்குத்தான்."

வேலை போனாக்கூடப் பரவாயில்ல. பூவலிங்கத்தோட பொண்டாட்டி அந்த மீசையைப் பாத்துதான் அவரைக் கட்டிக்கிட்டா.

சமையக்காரர் சோணாசலம் வண்டி நிறைய புளியோட மலையேறினார். அங்க வருஷம் முழுக்கக் குளிர். ராஜா தும்மினா, மரியாதைக்குச் சபையே தும்மணும். சோணாசலம் மிளகு தட்டி ரசம் வெச்சு, கிண்ணத்துல குடுத்தார். ஒரே மடக்கு, ராஜாவுக்கு மூக்கு திறந்துடுச்சு.

அப்புறம் என்ன? ரசம் வராம அங்க சபை கூடறதில்ல. அவங்க சேனாதிபதியே "தெளிவா ஊத்துங்க"ன்னு நம்ம பாஷை பேச ஆரம்பிச்சுட்டார். எல்லையில புளி வண்டி வந்தா காவக்காரன் சலாம் போட்டான்.

பொங்கல் நெருங்கவும் பூவலிங்கம் சோணாசலத்தை லீவுல வரச் சொல்லிட்டார், புளி வண்டியையும் நிறுத்திட்டார். பனிமலையில புளியமரம் முளைக்கவே முளைக்காது. நாலு நாள் பொறுத்துப் பாத்துட்டு நெடுமுடியனே இறங்கி வந்தார்.

"சமையக்காரரைத் திருப்பி... ஹச்! ...அனுப்புங்க. ஆனா குனிய மாட்டேன்."

இடிக்கொம்பன் சவரக்கத்தியைத் தீட்டினார்.

"முதல்ல சாப்பிடுங்க," என்றார் பூவலிங்கம்.

தரையில ரெண்டு ராஜாவும் எதிரெதிரா உக்காந்தாங்க. வாழையிலை, சோறு, கொதிக்கக் கொதிக்க ரசம். நாமன்னா சோத்துல குழி பறிச்சு, பாத்தி கட்டிட்டுத்தான் ரசம் வாங்குவோம். கிண்ணத்துலயே குடிச்ச மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? ரசம் சோத்தைச் சுத்திக்கிட்டு ஓடுது, இலை ஓரத்துக்கு வந்துடுச்சு.

"ஐயோ, போகுதே!"

ரெண்டு கையாலயும் அணை கட்டி, தலையை இலைக்கே கொண்டுபோய் உறிஞ்சினார் நெடுமுடியன். கிரீடம் கழண்டு உருண்டு நம்ம ராஜா இலையில போய் நின்னுச்சு.

"செல்லாது!"ன்னு கத்தினார் இடிக்கொம்பன். "அவர் ரசத்துக்குத்தானே குனிஞ்சார்?"

"ரசம் யாரோடது தளபதி?" என்றார் பூவலிங்கம்.

நெடுமுடியன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அதையெல்லாம் அப்புறம் பேசுங்கய்யா. இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லுங்க."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சு, தன் முத்துமாலையைப் பூவலிங்கம் கழுத்துல போட்டார். "தளபதி, தீட்டின கத்தி வீணாகக் கூடாது. உம்ம மீசையை எடுத்துட்டு, நாளையிலேர்ந்து புளி வண்டிக்குக் காவல் போங்க."

அதுக்கப்புறம் நெடுமுடியன்... இதோ வந்துட்டேன்மா! வீட்டுல கூப்பிடுறாங்க, ரசம் ஆறுதாம். காலையில ஒரு சின்ன சண்டை. நானும் குனிய மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

வரேங்க.