மருதமரக் கிளையில் காய்ந்த புல்

காட்டுத்தீயில் வளை கருகிப்போன ஒரு தாய்க்கீரி, கண் திறக்காத இரண்டு குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வறண்ட ஆற்றுக்கு வந்தது. அங்கே நட்டாற்று மணலில் ஒரு நரி நான்கு குச்சி நட்டு, மேலே தேக்கிலை பரப்பிப் பந்தல் போட்டிருந்தது.

“வா தங்கச்சி! வெயிலோ மழையோ, இதற்குள் ஒரு சொட்டு இறங்காது! மணலும் மெத்தென்று இருக்கும்!” என்றது நரி.

கீரி குட்டிகளை உள்ளே கிடத்தியது. அப்பாடா என்று நிமிர்ந்தால், கரையோர மருதமரத்தின் கிளையில் ஒரு கற்றை காய்ந்த புல் தெரிந்தது.

“அண்ணே, அவ்வளவு உயரத்துக்குப் புல் எப்படிப் போச்சு?”

“காக்கா கூடு கட்டியிருக்கும்! வானத்தைப் பார், ஒரு மேகம் உண்டா?”

நரிக்கு வாய்க்கா பஞ்சம்! தலைக்கு மேல் வானம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் ஆறு இறங்கி வரும் மேற்கு மலை கறுத்துக் கிடந்தது. கீரி மறுபடி அந்தப் புல்லைப் பார்த்தது. எல்லாத் தாளும் ஒரே பக்கமாக, ஆறு ஓடும் பக்கமாகவே சாய்ந்திருந்தன. கூடு இப்படியா இருக்கும்?

“ஐயோ, அது கூடு இல்லை! போன வெள்ளம் வந்த உயரம்!”

“போடி பயந்தாங்கொள்ளி!” என்று நரி விழுந்து விழுந்து சிரித்தது.

கீரி மூத்த குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடி, கரை மேட்டில் மருதமரத்துக்கும் மேலே ஒரு பாறை இடுக்கில் வைத்தது. திரும்பும்போது தூரத்தில் ஓர் இரைச்சல். காற்றில்லை, ஓர் இலைகூட அசையவில்லை. இரைச்சல் மட்டும் நெருங்கி வந்தது. இளையது இன்னும் பந்தலுக்குள்!

கீரி மறுபடி ஆற்றுக்குள் இறங்கி ஓடியது. பந்தலை எட்டும்போதே செம்மண் வெள்ளம் நுரைத்துக்கொண்டு மணலில் புகுந்தது. குட்டியைக் கவ்வியது. வாயில் குட்டி இருந்ததால், “ஓடு அண்ணே!” என்று கத்தக்கூட முடியவில்லை. நரியோ அரும்பாடுபட்டுக் கட்டிய பந்தலை விட மனமில்லாமல் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது.

கரை ஏறுகையில் தண்ணீர் கீரியின் வாலைப் பிடித்து இழுத்தது. ஒரு வேரை நகத்தால் பற்றி எப்படியோ ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பந்தலும் இல்லை, நரியும் இல்லை.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. மருதமரத்தின் அதே கிளையில், பழைய புல்லோடு நாலைந்து தேக்கிலையும் ஒரு கொத்து நரிமயிரும் சிக்கியிருந்தன. கீரி இரண்டு குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தது.

போன ஆபத்து விட்டுச்சென்ற அடையாளத்தைக் கேலி செய்கிறவர், வரும் ஆபத்தில் தாமே அடையாளமாகிப் போவார்.