ஊர்பேர் தெரியாத ஆள்

மேகத்தின் மேல் மிதந்த மஞ்சூரில் ராஜா ஓர் இணையதளம் கட்டினார். திறந்தால் பூ உதிரும், நிலா நகரும், நடுவில் அவர் முகம் ஜொலிக்கும்.

"இது எனக்கு உதவாதுங்க மகாராஜா" என்றாள் பார்வையில்லாத பூக்காரி வடிவாம்பா.

"என் தளத்திலேயே குறையா? சபையில் நிரூபி. இல்லையென்றால் நாட்டைவிட்டே போ!"

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் தன் கைபேசியில் அவள் தளத்தைத் திறந்தாள். சபையே காதைத் தீட்டிக்கொண்டது. தூக்கத்தில் பேசுவதுபோல் கைபேசி முனகியது: "படம். பெயர் இல்லை. படம். பெயர் இல்லை."

"யாருக்குப் பெயர் இல்லை?" ராஜா உறுமினார்.

"நடுவுல இருக்கறவருக்குத்தாங்க. யாரோ ஊர்பேர் தெரியாத ஆள் போல."

சபை சிரிப்பை விழுங்கியது. ராஜா அவசரமாகக் குனிந்து தளத்தில் தன் படத்துக்குப் பெயரை எழுதினார்.

"அப்படியே நிலாவுக்கும் எழுதிடுங்க மகாராஜா" என்றாள் வடிவாம்பா. "நான் இன்னும் பார்த்ததில்லை."