கழிக்க வேண்டிய தூரம்

கண்ணுக்குப் பவர் பார்க்கக் கற்றுத்தரும் அந்த ஆப்டோமெட்ரி துறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆராய்ச்சித் திட்டம் எழுதினாலும், அது வெளியே போகும் முன் சக ஆசிரியர் ஒருவர் படித்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஐந்துக்குக் கீழே போனால் திட்டம் அங்கேயே படுத்துவிடும்.

அந்த வருடம் இம்மானுவேலின் திட்டம் பொற்கொடியிடம் வந்தது. இருவரும் பேராசிரியர் ஹாஜிராவிடம் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஒரே அறையில் உதவிப் பேராசிரியர்கள். ஒருவர் நாற்காலியை இழுத்தால் இன்னொருவர் மேசையில் இடிக்கும்.

உப்பின் மேல் பட்டுத் திரும்பும் வெயில் உப்பளத் தொழிலாளர்களின் கண்களை என்ன செய்கிறது என்பது அவன் கேள்வி. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்காக உப்பளத்தில் கழித்திருந்தான். பொற்கொடி மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் வயிறு எரிந்தது. இந்தக் கேள்வி தனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

இருந்தும் பென்சிலால் எட்டு என்று எழுதினாள்.

அப்போது பக்கத்து வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் வகுப்பு. அடுத்த மணி அவளுடையது. மாணவர்கள் அவன் சொன்னதைப் பேசிக்கொண்டேதான் அவளுக்கு வணக்கம் சொல்வார்கள். எட்டை அழித்துவிட்டுப் பேனாவால் நாலு என்று எழுதினாள்.

கையெழுத்து வாங்க ஹாஜிராவிடம் போனாள்.

"நாலா?" என்றார் ஹாஜிரா.

"ஆமா மேடம். ஆய்வுக்கு எடுத்த ஆள் எண்ணிக்கை பத்தாது. எல்லாரும் ஏன் அவனை இப்படித் தூக்கி வச்சு ஆடுறாங்கன்னு எனக்குப் புரியல."

ஹாஜிரா காகிதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அழித்த எட்டு லேசாகத் தெரிந்தது.

"உக்காரு. தூரத்துல அந்த எழுத்தைப் பாரு."

கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் அளக்கும் ரெட்டினோஸ்கோப்பை எடுத்து, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, அவள் கண்ணுக்குள் ஒளியை ஆட்டினார். லென்ஸ்களை ஒவ்வொன்றாக முன்னால் பிடித்தார். கண்ணுக்குள் வெளிச்சத்தின் அசைவு நின்றதும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிளஸ் ஒன்றரை.

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. "எனக்குப் பவரே இல்ல மேடம். நீங்க உக்காந்த தூரத்தைக் கழிக்க மறந்துட்டீங்க."

"கழிக்கணுமா?"

"ஒரு கை தூரம்னா ஒன்றரை கழிக்கணும். இன்னும் கிட்ட உக்காந்தா இன்னும் அதிகம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

"கழிக்காம எழுதுற பசங்களுக்கு என்ன போடுவ?"

"முட்டைதான். காலைல பிராக்டிகல்ல மூணு பேருக்குப் போட்டேன். பாக்குறவங்க உக்காந்த தூரத்தை, அடுத்தவங்க கண்ணு மேல ஏத்தலாமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது.

ஹாஜிரா மதிப்பெண் தாளை அவள் பக்கம் தள்ளினார். "இதுல உன் தூரத்தைக் கழிச்சுட்டு அஞ்சு மணிக்குள்ள கொண்டு வா."

பொற்கொடிக்குக் காது சுட்டது. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு மேடம் கழிக்கணும்?"

ஹாஜிரா ரெட்டினோஸ்கோப்பை அணைத்துப் பெட்டியில் வைத்தார்.

"அவன் மேசைக்கும் உன் மேசைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"