ஆர்வம் காட்டவில்லை

பொதுக் கொள்கைப் படிப்புக்கு அரசு அனுப்பிவைத்த அலுவலர்களில் மூத்தவர் சிதம்பரதாணு. பாடம் நடத்தும் ஷர்மிளாவோ அவர் மகளைவிட இளையவர். இந்தப் பொண்ணு எனக்கு யோசிக்கச் சொல்லித்தரப் போகுதா என்று முதல் வகுப்பிலிருந்தே அவருக்கு உள்ளுக்குள் புகைச்சல்.

அன்று அவருடைய அறிக்கை மேசைமேல் கிடந்தது. உப்பளத் தொழிலாளர்கள் வாழும் முள்ளக்குடியில் துணை சுகாதார நிலையத்தை மூடிவிடலாம் என்பது அவர் முடிவு. வகுப்பில் தேறினால் அறிக்கை அப்படியே துறைக்குப் போகும். அவர்களும் மூடிவிடுவார்கள். அப்புறம் பிரசவ வலி கண்டவள்கூட டவுனுக்குத்தான் ஓட வேண்டும்.

“‘காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை திறந்திருந்தும் பெண்கள் ஆர்வம் காட்டவில்லை.’ இதுதான் காரணமா சார்?” என்று கேட்டார் ஷர்மிளா.

“ஆமா மேடம். நர்ஸ் உக்காந்து ஈ ஓட்டுறாங்க.”

“ஏன் வரல?”

“வரல. அவ்வளவுதான். இதுல ஆராய என்ன இருக்கு?”

ஷர்மிளாவின் முகம் சிவந்துவிட்டது.

“நாளைக்கு எல்லாருக்கும் வாய்மொழித் தேர்வு” என்று மட்டும் சொன்னார்.

வகுப்பு எப்போதும் பத்து மணிக்குத்தான். மறுநாள் சிதம்பரதாணு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கால் மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார். கதவு பூட்டிக்கிடந்தது. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

‘தேர்வு காலை ஏழு முதல் ஒன்பது வரை நடைபெற்றது. சிதம்பரதாணு ஆர்வம் காட்டவில்லை. பெயர் நீக்கப்படுகிறது.’

விடுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் விடியற்காலையில் சொல்லியனுப்பினார்களாம். தினமும் ரயிலில் வந்துபோகிறவர் இவர் ஒருவர்தான். படிப்பு போனால் பதவி உயர்வும் போச்சு. அவருக்குக் காதெல்லாம் சூடேறியது. தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு, தட்டாமல்கூட ஷர்மிளாவின் அறைக்குள் நுழைந்தார்.

“என்ன மேடம் இது? யாருக்கு ஆர்வமில்ல? என் ரயில் வர்றதே ஒம்பதரைக்கு.”

“அது எனக்குத் தெரியாது சார்.”

“தெரியலன்னா கேக்கணும். ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க பாட்டுக்கு ஒரு நேரத்தை வைப்பீங்க. வர முடியாதவனுக்கு ஆர்வமில்லன்னு எழுதி ஒட்டிருவீங்க. அந்த உரிமையை யாரு கொடுத்தா உங்களுக்கு?”

“இன்னும் சொல்லுங்க.”

“இத்தனை வருச சர்வீஸ்ல ஒருத்தரும் என்னைப் பத்தி இப்படி எழுதினதில்ல. மனுசனா மதிச்சிருந்தா கேட்டிருப்பீங்க.”

ஷர்மிளா எழுந்தார். அவர் குரலிலும் கோபம் ஏறியிருந்தது.

“அந்த வரி என்னுது இல்ல சார்.”

அறிக்கையை அவர் பக்கம் தள்ளினார்.

சிதம்பரதாணு குனிந்து பார்த்தார். அவர் எழுதிய வரி. கீழே அவர் போட்ட கையெழுத்து. இன்னொரு தடவை படித்தார்.

“ஒம்பதுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் அந்தப் பொம்பளைங்க உப்பளத்துலதான நிப்பாங்க” என்றார், யாரிடமோ சண்டைக்குப் போகிறவர் போல.

கிழித்த தாள் அவர் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. கோபம் இன்னும் இறங்கியபாடில்லை.

“எத்தனை மணிக்கு மேடம் வீட்டுக்குத் திரும்புவாங்க?”

“எனக்கெப்படித் தெரியும்? அறிக்கை எழுதினது நீங்க.”