சடையன் விழுங்கிய பெயர்

சடையன் பாட்டில் ஒரு பெயரை விழுங்கிவிட்டான்.

அதில்தான் எல்லாம் கெட்டது.

மலைத் திருவிழாவில் அவன் உடுக்கை அடித்துப் பாடுவது ஒரு பழைய கொலைக் கதை. கீழூர்க் கூத்தன், மேலூர்ப் பெரியாண்டியை வெட்டிய கதை. கூத்தன் பெயர் வந்ததும் அவன் வீட்டார் ஒருவர் எழுந்து, "எங்க வீட்டு ஆள்தான்" என்று சொல்ல வேண்டும். பெரியாண்டி வீட்டார் அவர் பெயரைச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். பகை அதோடு அடங்கும், அடுத்த திருவிழா வரை.

வழக்கம் அது. பிடிக்காதவர் மலையை விட்டு இறங்கலாம்.

இந்த வருசம் சடையன் தன் மகளைக் கூத்தன் வீட்டுக்குப் பேசியிருந்தான். சம்பந்தி முகம் சுண்டக் கூடாது. "யாரோ வெட்டினான்" என்று பாடிவிட்டான்.

யாரும் எழவில்லை. தண்ணீர் கைமாறவில்லை. மேலூரில் அரிவாள் தீட்டினார்கள். பழி தீராமல் நின்ற கோபத்தில் கீழூர், கொடுத்த பரிசத் தட்டைத் திருப்பிக் கேட்டது.

சடையன் நாச்சியம்மாளிடம் ஓடினான். அவனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். வயதில் இளையவள்.

"அவங்களைக் கூசவைக்க வேணாம்னுதானே விட்டேன், தாயி. நல்லதுதானே?"

அவள் உடுக்கையை வாங்கினாள். நடுக்கயிற்றைத் தளர்த்தினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அடி."

அடித்தான். பழைய முறத்தைத் தட்டியது போல இருந்தது.

"கயிறு தொங்குதே, தாயி."

"இறுக்கினா தோலுக்கு வலிக்கும். பாவம்."

சடையன் தொங்கிய கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தான்.

"என்னண்ணே, மரமாட்டம் நிக்கிற? போய்ப் பாடு."

"இனி எவன் கேக்க வருவான்?"

"கேக்க வரமாட்டான். வைய வருவான். அப்பப் பாடு."

சடையன் கயிற்றை இறுக்கிக்கொண்டு போனான். இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த பாறையில் ஏறி அடித்தான்.

வையத்தான் வந்தார்கள். பெரியாண்டி பேரன் அரிவாளோடு வந்தான்.

"சம்பந்தம் போனதும் பாட்டு வந்திருச்சாக்கும்!" மாப்பிள்ளையின் தாய் கத்தினாள்.

"கூத்தன் வெட்டினான்" என்று பாடினான் சடையன்.

கூத்தன் வீட்டார் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"நீ மறைச்சா நாங்களும் மறைக்கணும், சொன்னா எந்திரிக்கணுமா?" என்றார் அவர்களில் ஒருவர்.

மறுபடி பாடினான். மறுபடியும். தொண்டை கிழிந்தது. நிறுத்தவில்லை.

பெரியாண்டி பேரன் அரிவாளைக் கை மாற்றினான்.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். சடையன் மகள்.

"எங்க வீட்டு ஆள்தான்."

"எது உன் வீடு? இன்னும் தாலியே ஏறலையே, புள்ள!" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

"தாலி மெதுவா ஏறட்டும். பழியை இப்பவே ஏத்துக்கறேன்."

மாப்பிள்ளையின் தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முனகிக்கொண்டே எழுந்து, அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

பெரியாண்டி பேரன் அரிவாளைக் கீழே வைத்தான். தண்ணீர் இருந்த சுரைக்குடுக்கையை அவளிடம் நீட்டினான்.

"யார் பேரைச் சொல்லிக் கொடுக்கணும்?"

அவள் குடித்து முடித்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னாள்.

"சிலம்பாயி."