மூன்று இஞ்ச் இறக்கம்

கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்க் குளத்தைத் தாண்டிப் போகிற சாலையில் அமலோற்பவத்தின் ஒர்க்‌ஷாப் இருந்தது. வண்டிகளின் ஸ்ப்ரிங், ஷாக் அப்சார்பர் வேலைகள் மட்டும்தான் அங்கே. அமலோற்பவத்துக்கு வயது முப்பத்தொன்பது. அவருடைய ஒரே சீடர் மாரப்பனுக்கு ஐம்பத்து நான்கு.

மாரப்பன் இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துபோனதும் வேலையை விட்டார். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. நேராக இங்கே வந்து நின்றார்.

"இத்தனை வருசம் மேலே உக்காந்து ஓட்டிட்டேனுங்க அம்மிணி. கீழே என்ன இருக்குதுன்னே தெரியாது. கத்துக் குடுப்பீங்களா?"

"படுத்து வேலை செய்யணுங்ணா. முதுகு தாங்குமா?"

"முட்டிதானுங்க போச்சு. முதுகு நல்லா இருக்குது."

அப்படித்தான் சேர்ந்தார். ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஒரு நாள் காலை, உயரமான ஒரு வண்டி வந்து நின்றது. ஜீப் மாதிரியான உடம்பு. சக்கரங்களில் செம்மண் காய்ந்திருந்தது. பின் கண்ணாடி முழுக்க மலையூர்களின் பெயர்கள் ஸ்டிக்கர்களாக ஒட்டியிருந்தன. ஓட்டி வந்தவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பெயர் மணிபாரதி என்றான். பின்னாலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி வைத்தான். உள்ளே நான்கு புது ஸ்ப்ரிங்குகள்.

"இதை மாட்டித் தரணுங்க. வண்டி மூணு இஞ்ச் இறங்கணும்."

மாரப்பன் வண்டியையும் பெட்டியையும் பார்த்தார்.

"நிமிந்து நிக்கற வண்டியை எதுக்குத் தம்பி குனிய வைக்கறே?"

"ஆசைங்க."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மாரப்பன் பிடித்துக்கொண்டார். "ஆசையா? தெரியும் தம்பி, தெரியும். ஒவ்வொரு வேகத்தடையிலயும் அடி தட்டாம இருக்கக் கோணிக் கோணி ஏறி இறங்குவீங்க. உங்க பின்னால ஹாரன் அடிச்சே என் சர்வீஸ் பாதி போச்சு. போட்டோ புடிச்சுப் போடறதுக்குத்தானே இதெல்லாம்? வீட்டுல பெரியவங்க இல்லையா? அவங்க ஏறி உக்காந்தா என்ன பாடுபடுவாங்கன்னு ஒரு நிமிசம் நெனச்சிருப்பியா?"

பையனின் முகம் ஒரு கணம் என்னவோ ஆயிற்று. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

"நீங்க சொல்றது சரிதானுங்க" என்றான்.

வேறொரு வண்டியின் அடியிலிருந்து அமலோற்பவம் வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு இறக்கணும்?"

"மூணு இஞ்ச்ங்க."

"நாலு இறக்கலாமே. பாக்க இன்னும் எடுப்பா இருக்கும்."

"வேண்டாங்க. மூணுதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அமலோற்பவம் துடைப்பதை நிறுத்தினார்.

"எதை வெச்சுத் தம்பி அளந்தே?"

பையன் தயங்கினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்தான். அதில் இரண்டு முடிச்சுகள். முன்பக்கக் கதவைத் திறந்து, கயிற்றின் நுனியைத் தரையில் வைத்து மேலே பிடித்தான். மேல் முடிச்சு சீட்டின் விளிம்பில் சரியாக நின்றது.

"இது சீட்டுங்க."

"கீழ் முடிச்சு?"

"எங்கப்பாவோட கட்டிலுங்க."

பையன் மெல்லச் சொன்னான்.

அவனுடைய அப்பா நஞ்சப்பன் காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது. தடியை ஊன்றி வாசல்வரை நடக்கிறார். இடது கை மட்டும் தொங்குகிறது, இடது கால் மேலே தூக்க வராது.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்தன்னிக்கு நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைத் தூக்கி இறக்கினோமுங்க. தெருவே நின்னு பாத்துது. 'ஊரு மூட்டையெல்லாம் நான் தூக்கினேன், கடைசியில என்னை மூட்டையாக்கிட்டீங்களேடா'ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் வண்டி பக்கமே வரலைங்க."

"ஒரு ஸ்டூல் வெச்சு ஏறச் சொல்லலாமே" என்றார் மாரப்பன். குரல் இறங்கியிருந்தது.

"ஸ்டூல் மேல ஏறக் கால் வரணுமேங்க. தாழ்வா இருந்தாலும் ஆகாது. சின்ன நாற்காலியில உக்காந்தா எந்திரிக்க முடியல. கட்டில் உயரத்துல இருந்தா மட்டும் தானா உக்காந்து தானா எந்திரிக்கறாரு."

பொள்ளாச்சியில் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. தாத்தா இன்னும் நேரில் பார்க்கவில்லை.

"போன்ல காட்டுவா. பாப்பாரு. பாத்துட்டு போனைக் கவுத்து வெச்சிருவாரு."

"உங்களுக்காகத்தான் இறக்கறேன்னு அவருகிட்டச் சொன்னியா?" என்று கேட்டார் அமலோற்பவம்.

"சொன்னா செத்தாலும் ஏற மாட்டாருங்க. பந்தாவுக்கு இறக்கறேன்னுதான் வீட்டுல சொல்லியிருக்கேன். ஒரு வாரமாத் திட்டிட்டு இருக்காரு."

மாரப்பன் குனிந்து, அட்டைப்பெட்டியை எடுத்து நிழலில் வைத்தார். அதற்கு அவசியம் ஒன்றும் இல்லை.

"இறக்கினா என்ன போகும்னு தெரியுமா?" அமலோற்பவம் பையனைக் கேட்டார்.

"தெரியுங்க."

"சொல்லு."

"டயர் சீக்கிரம் தேயுமுங்க. மேடு பள்ளத்துல அடி தட்டும்."

"அப்புறம்?"

பையன் பின் கண்ணாடியைப் பார்த்தான்.

"மாசா மாசம் மலைக்குப் போவேனுங்க. ரோடு இல்லாத ஊருக்கெல்லாம். அதுக்குன்னுதான் இவ்வளவு உயரமான வண்டியாத் தேடித் தேடி வாங்கினேன்." கொஞ்சம் நிறுத்தினான். "இனி போக முடியாதுங்க."

"சரி. வண்டி இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை எடுத்துக்கலாம்."

பையன் கயிற்றைக் கொடுத்துவிட்டு நடந்து போனான். அவன் சாலையில் திரும்பி மறையும்வரை மாரப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேலயும் ஏதாச்சும் போகுங்களா அம்மிணி?"

"போகுங்ணா. மாட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று பிற்பகலுக்குள் நான்கு ஸ்ப்ரிங்குகளையும் மாட்டினார்கள். வண்டி மூன்று இஞ்ச் இறங்கி நின்றது. மாரப்பன் கயிற்றை வைத்துப் பார்த்தார். கீழ் முடிச்சு சீட்டைத் தொட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சரியா வந்துருச்சுங்க!"

அமலோற்பவம் ஒரு துண்டை எடுத்து வந்தார்.

"உக்காருங்ணா. முன் சீட்டுல."

உட்கார்ந்தார். அமலோற்பவம் அவருடைய இடது கையை மடக்கி, துண்டால் கழுத்தோடு சேர்த்துத் தொங்கக் கட்டினார்.

"எதையும் புடிச்சுக்கக் கூடாது. அந்தக் கை உங்களுது இல்லைன்னு நெனச்சுக்கங்க."

வண்டியை எடுத்தார். பெரிய வேகமில்லை. ஊரில் எல்லோரும் போகிற வேகம். குளக்கரையில் முதல் வேகத்தடை வந்தது. முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. இரண்டாவது வேகத்தடை. அதற்கப்புறம் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம்.

"நிறுத்துங்க அம்மிணி."

அமலோற்பவம் ஓரமாக நிறுத்தினார்.

"எங்கே வலி வந்துதுங்ணா?"

"தோள்ல." மாரப்பன் வலது கையால் தோளைப் பிடித்துக்கொண்டார். "கட்டி விட்டதால எதையும் தாங்கிக்க முடியல. அத்தனையும் தோள்ல வந்து விழுகுது."

"உங்களுக்கு நல்ல தோள்."

மாரப்பனுக்குப் பஸ்ஸின் கடைசி வரிசை ஞாபகம் வந்தது. யாராவது ஒரு பெண், "பாத்துப் போப்பா" என்று பின்னாலிருந்து கத்துவாள். தினமும் யாராவது ஒருத்தி கத்துவாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. உட்கார முடிந்தவர்கள் உட்காரட்டும் என்று நினைத்திருக்கிறார்.

"அப்ப இது ஆகாதுன்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லிரலாங்களா?"

"கழட்டலாம் வாங்க."

கழற்றினார்கள். அந்த ஸ்ப்ரிங் மிகவும் இறுக்கமானது, பந்தயக்காரர்களுக்கானது. மிருதுவான ஸ்ப்ரிங் ஒன்றைத் தேடி அமலோற்பவம் இரண்டு நாள் அலைந்தார். கிடைத்தது இரண்டு இஞ்ச்தான் இறங்கும். அதற்கு மேல் இறக்கினால் அலுங்கும்.

"ஒரு இஞ்சுக்கு எங்க போறதுங்க?"

"எல்லாத்தையும் ஸ்ப்ரிங்கே குடுக்கணுமாங்ணா?"

மாரப்பன் யோசித்தார். வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து சீட்டை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"மெத்தைங்க! மெத்தையில ஒரு இஞ்ச் எடுக்கலாம்."

அமலோற்பவம் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

மாரப்பன் சீட்டின் உறையைப் பிரித்து, பஞ்சை அடியிலிருந்து சீவினார். உறையை மாட்டினார். உட்கார்ந்தார், எழுந்தார். இடது காலைத் தூக்காமல் உட்கார்ந்தார், இடது கையை ஊன்றாமல் எழுந்தார். கயிற்றை வைத்துப் பார்த்தார். கால் இஞ்ச் கூடுதலாக இருந்தது.

"இது போதுங்ணா" என்றார் அமலோற்பவம்.

"இல்லீங்க." மறுபடியும் உறையைப் பிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவருமே வண்டியைக் கொண்டுபோனார்கள். ஏதாவது சத்தம் வந்தால் சரிசெய்ய வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ள ஏற்பாடு. வழியில் இருந்த வேகத்தடைகளை மாரப்பன் முன் சீட்டில், இடது கையைத் துண்டால் கட்டிக்கொண்டே தாண்டினார். தோளில் எதுவும் வந்து விழவில்லை.

வீடு ஒரு குறுகலான தெருவில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துருச்சா அந்தக் கோமாளி வண்டி?"

நஞ்சப்பன் தடியை ஊன்றி வாசலுக்கு வந்தார். அகலமான தோள்கள். அவற்றில் ஒன்று தணிந்திருந்தது. வாசலில் நின்றவர், அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை என்று தெருவுக்கே இறங்கி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எப்படி நிமிந்து நின்ன வண்டி! இப்பப் பாரு, கோழி அடைக்கு உக்காந்த மாதிரி. ஏனுங்க அம்மிணி, நீங்களாவது புத்தி சொல்லக் கூடாதுங்களா?"

"சொல்லிப் பாத்தோமுங்க. கேக்க மாட்டேனுட்டாரு" என்றார் அமலோற்பவம்.

மாரப்பன் வாயைத் திறந்தார். அமலோற்பவம் அவரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மணிபாரதி வண்டியின் அந்தப் பக்கம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பாவின் பக்கம் வரவில்லை.

"புடிக்கலைன்னா நீங்க பாக்காதீங்கப்பா."

"பாப்பேன்டா. உள்ளயும் என்ன கூத்து அடிச்சு வெச்சிருக்கேன்னு பாக்கணுமல்ல."

நஞ்சப்பன் தானே கதவைத் திறந்தார். தடியைக் கதவில் சாய்த்தார். மெல்லத் திரும்பினார். வலது கை பின்னால் போய்ச் சீட்டைத் தேடியது. எதிர்பார்த்த இடத்தில் அது இருந்தது.

கண்ணாடியில் துணி நின்றுவிட்டது.

உட்கார்ந்தார். வலது கால் தானாக உள்ளே போனது. இடது காலை முட்டிக்குக் கீழே பிடித்து, தானே தூக்கி உள்ளே வைத்தார். யாரும் கிட்டே போகவில்லை. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள்கூட அதை ஒரு விஷயமாகப் பார்க்கவில்லை.

நஞ்சப்பன் முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

"பொள்ளாச்சி ரோடு இப்ப எப்படிடா இருக்குது?"

"நல்லா இருக்குதுப்பா."

"மெதுவாப் போவியா?"

"இனி இது மெதுவாத்தான்ப்பா போகும்."

"போகாம? வெவரங்கெட்டவனே, நல்லா இருந்த வண்டியைக் கெடுத்து வெச்சா பின்ன எப்படிப் போகும்? உங்கம்மாளைக் கூப்புடு. குழந்தைக்கு எடுத்து வெச்ச துணியை எடுத்துட்டு வரச் சொல்லு."

அம்மா பையோடு ஓடி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். மணிபாரதி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். கிளம்பும் முன் அமலோற்பவத்தைப் பார்த்துத் தலையை அசைத்தான். பிறகு மாரப்பனைப் பார்த்தான். மாரப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

தெருமுனையில் ஒரு வேகத்தடை இருந்தது. தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவன் மாதிரி வண்டி அதைத் தாண்டியது. பின்னால் பைக்கில் வந்தவன் ஹாரன் அடித்தான். நஞ்சப்பன் மகனைத் திட்டுகிற சத்தம், வண்டி திரும்பி மறையும்வரை கேட்டது.

மாரப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மிணி, அந்தப் பையன் மலையையே விட்டுட்டு வந்திருக்கான். அது தெரியாம அந்த மனுசன் கோமாளிங்கறாரு, வெவரங்கெட்டவனேங்கறாரு. என்னிக்காவது ஒரு நாள் அவருகிட்ட உண்மையைச் சொல்ல வேண்டாங்களா?"

அமலோற்பவம் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசமா எல்லாரும் அவரைப் பாத்துப் பாவப்பட்டாங்கண்ணா. இன்னிக்குத்தான் முன் சீட்டுல உக்காந்து, ஒரு அப்பனா மகனைத் திட்டிட்டுப் போறாரு. போகட்டும் விடுங்க."