மூக்கன் கோரைக்குள் பாடிய பாட்டு

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, சில்லைக் குருவிகள் தனியாகப் பாடவே பாடாது. பெண் பார்க்கப் போகும்போதுதான் பாட்டு. அலகில் ஒரு புல்லைக் கவ்விக்கொண்டு, பெண்ணின் முன்னால் நின்று, குலத்துப் பாட்டைப் பிசகாமல் பாட வேண்டும். ஆளில்லாத இடத்தில் எவனாவது பாடினால், "கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று ஊரே சிரிக்கும்.

மூக்கன் என்ற சில்லைக்குச் செம்பி மேல் கொள்ளை ஆசை. பாவம், அவள் முன்னால் போய் நின்று பாட ஆரம்பித்தான். பாதிப் பாட்டில் தொண்டை அடைத்து, கவ்வியிருந்த புல்லும் கீழே விழுந்தது. சுற்றியிருந்த குருவிகள் கொல்லென்று சிரித்தன.

செம்பி சிரிக்கவில்லை. "மச்சான், நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அம்மாவைப் பிடிச்சு வைக்கிறேன். அப்பவும் தடுமாறினீங்கன்னா பனங்காட்டு மாப்பிள்ளைக்குப் பேசி முடிச்சிருவாங்க" என்றாள்.

விடிந்ததும் மூக்கன் ஏரிக்கரைக் கோரைக்குள் போய் ஒளிந்துகொண்டான். "கிறுக்கன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அவளை விட்டுட்டு என்னால இருக்க முடியாது" என்று வாயைத் திறந்து பாடியேவிட்டான்.

அடேயப்பா! கேட்க ஆளில்லை என்றதும் தலைக்குள் இருந்த கட்டெல்லாம் அவிழ்ந்துவிட்டது. தப்பாய்ப் பாடினான், இழுத்தான், குறைத்தான், கடைசி அடியை முதலில் போட்டுப் பார்த்தான். தொண்டை அடைத்த இடத்துக்கே மறுபடி மறுபடி வந்தான்.

ஒரு தவளை எட்டிப் பார்த்தது. "என்னடா இது, பொண்ணைக் காணோம், பாட்டு மட்டும் வருது?"

"உன் வேலையைப் பாரு" என்றான் மூக்கன்.

சாயங்காலம் செம்பியின் முன்னால் நின்றான். காலையில் அத்தனை ஆட்டம் போட்ட தலை, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சிதறிக் கிடந்த சுரமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. எதுவும் பிசகவில்லை. புல்லும் விழவில்லை.

செம்பி அவனை ஒட்டி உட்கார்ந்தாள். "காலையில கோரைக்குள்ள கேட்ட கிறுக்குப் பாட்டும் நீங்க பாடினதுதானே?"

மூக்கனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஐயோ, கேட்டுட்டியா?"

"கேட்காம? அப்பவே அம்மாகிட்டப் பேசி முடிச்சுட்டேன் மச்சான்."

அன்று முதல்தான் ஆண் சில்லை தனியாக இருக்கையில் மனம்போன போக்கில் பாடிப் பார்க்கிறது. பெண் வந்து எதிரே உட்கார்ந்தால், அதே தலை அடங்கி, அதே பாட்டைப் பிசகாமல் பாடுகிறது. கோரைக்குள் தப்புத் தப்பாய் ஒரு பாட்டு கேட்டால் சிரித்துவிடாதீர்கள், சாயங்காலம் எவளோ ஒருத்தி வரப்போகிறாள்.